முதல் பனிச்சறுக்கு விடுமுறை: அம்மாவும் 14 வயது மகளும் எங்கே, எப்படிப் போவது?

கேட்டவர் லண்டனில் ஹாரோ பக்கம் இருக்கும் ஓர் அம்மா. வயது 45, மகளுக்கு 14. இருவரும் இதுவரை ஸ்கீயைக் காலில் மாட்டியதே இல்லை. வகுப்புத் தோழிகள் ஆல்ப்ஸ் போய்வந்த கதைகளைக் கேட்டு மகளுக்கு ஆசை வந்துவிட்டது. பிப்ரவரி அரைப்பருவ விடுமுறையில் ஒரு வாரம் போகலாமா, எந்த ஊர், எவ்வளவு ஆகும், என்னென்ன வாங்க வேண்டும் என்பது கேள்வி. அம்மாவிடம் இருப்பது இந்திய பாஸ்போர்ட், மகளிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். இருவரும் சைவம்.

தாராளமாகப் போகலாம். 45 வயதில் தொடங்குகிறவர்களை ஆல்ப்ஸில் எந்தப் பயிற்சிச் சரிவிலும் பார்க்கலாம். ஆனால் திட்டம் போடும் முன் ஒன்றை ஏற்றுக்கொள்ளுங்கள்: இருவரும் புதியவர்கள்தான், ஒரே மாதிரிப் புதியவர்கள் இல்லை. உங்கள் மகள் இரண்டாம் நாள் மதியமே நாற்காலி லிஃப்டில் ஏறி நீலத் தடத்தில் (எளிதான சறுக்குப் பாதையில்) இறங்கிக்கொண்டிருப்பாள். நீங்கள் அப்போதும் கீழே, நிற்பதற்கும் நிறுத்துவதற்கும் பழகிக்கொண்டிருப்பீர்கள். விழுந்தால் என்ன ஆகும், வேலைக்கு எப்படிப் போவது என்ற யோசனை அவளுக்குக் கிடையாது, உங்களுக்கு உண்டு. அதனால் ஊரை உங்களை மனதில் வைத்துத் தேர்ந்தெடுங்கள், வகுப்பை அவளை மனதில் வைத்து. முதல் தடவை போகும் குடும்பங்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. பிள்ளை கேட்ட பெயர் பெற்ற ஊருக்குப் போவார்கள், அங்கே இரண்டு பேரையும் ஒரே வகுப்பில் போடுவார்கள்.

முதலில் ஊர். விளம்பரங்களில் '600 கிலோமீட்டர் தடம்' என்று போடுவார்கள். பிரான்சின் 'மூன்று பள்ளத்தாக்குகள்' பகுதி அவ்வளவு பெரியதுதான். முதல் வாரத்தில் நீங்கள் மறுபடி மறுபடி இறங்கப் போவது சில நூறு மீட்டர் சரிவு ஒன்றில். அதனால் அந்தச் சரிவு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஊருக்குள்ளேயே, தங்கும் இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தால் நல்லது. பேருந்தும் கொண்டோலாவும் (கம்பியில் தொங்கிப் போகும் பெட்டி) மாறித்தான் போக வேண்டும் என்றால், களைத்துப்போன பிறகு திரும்பி வருவதே தனி வேலையாகிவிடும். மேலே ஏற ஓடும் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். விமான நிலையத்தில் நடைபாதை ஓடுமே, அதேதான். பனியின் மேல் போட்டிருப்பார்கள். பட்டை இல்லாமல் இழுவை லிஃப்ட் (கம்பியில் தொங்கும் வட்டைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டால், நின்றபடியே மேலே இழுத்துப் போவது) மட்டும் இருந்தால், சறுக்கக் கற்கும் முன் லிஃப்டில் ஏறவே பாதி நாள் போய்விடும். அடுத்ததாக, பயிற்சிச் சரிவைத் தாண்டியதும் நீளமான, சாய்வு குறைந்த தடம் ஒன்றாவது இருக்க வேண்டும். சில ஊர்களில் குழந்தைச் சரிவு உண்டு, அதற்கடுத்து நேரே செங்குத்துதான். நடுவில் ஒன்றுமே இருக்காது. வியாழக்கிழமை அப்படி ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டால் மூன்று நாளில் சேர்த்த தைரியம் ஒரே மதியத்தில் போய்விடும்.

தடங்களின் நிறத்தை அப்படியே நம்பாதீர்கள். பிரான்சில் எளிதிலிருந்து கடினம் வரை பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நான்கு படி. ஆஸ்திரியா, இத்தாலி, சுவிட்சர்லாந்தில் பொதுவாகப் பச்சை கிடையாது, நீலத்திலிருந்துதான் தொடக்கம். அதுவும் அந்தந்த ஊர் தானே வைத்துக்கொள்ளும் அளவு. வால் டிசேர் நல்ல ஊர்தான், ஆனால் அதன் பச்சையும் நீலமும் வேறு ஊர்களில் ஒரு படி மேலே நிற்கும். ஷமோனி, சாங்க்ட் ஆன்டன் இரண்டும் தேர்ந்தவர்களின் ஊர்கள். மயர்ஹோஃபனில் ஊர் பள்ளத்தாக்கின் அடியில், தடங்கள் எல்லாம் மேலே. தினமும் ஏறி இறங்க வேண்டும். மகளின் தோழிகள் சொல்லும் பட்டியலில் இவற்றில் ஏதாவது ஒன்று கண்டிப்பாக இருக்கும். 'அடுத்த தடவை' என்று சொல்லிவிடுங்கள்.

உயரமும் முக்கியம், அதற்கு ஒரு காரணம் உண்டு. பனி குறைந்த ஆண்டில் முதலில் கரைவது ஊரை ஒட்டிய தாழ்வான சரிவு. சறுக்கத் தெரிந்தவர்கள் லிஃப்ட் ஏறி மேலே போய்விடுவார்கள். புதியவர்கள் பயிலும் இடமோ பெரும்பாலும் அந்தக் கீழ்ச் சரிவுதான். அது சேறாகிவிட்டால் அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. மோர்சீன் ஏறக்குறைய 1,000 மீட்டர், ஆஸ்திரியாவின் சோல் 700 மீட்டர்தான். நல்ல குளிர்காலத்தில் இரண்டுமே அழகான ஊர்கள். செப்டம்பரிலேயே பணம் கட்டி வைக்கப்போகிற நீங்கள் 1,800 மீட்டருக்கு மேலே பாருங்கள்.

என் முதல் தேர்வு பிரான்சின் ஆல்ப் தூவெஸ். ஊர் 1,860 மீட்டரில் இருக்கிறது. 'டூர் டி பிரான்ஸ்' சைக்கிள் பந்தயம் பார்ப்பவர்களுக்கு அங்கே ஏறும் 21 வளைவுகள் தெரிந்திருக்கும். ஊருக்கு நேர் மேலே மைதானம் போல அகலமான பச்சைத் தடங்கள் வரிசையாகக் கிடக்கின்றன. முதல் நாள் பயிற்சி முடிந்ததும் அடுத்தது எங்கே என்று தேட வேண்டாம். மகள் வேகமாகத் தேறிவிட்டால் அவளுக்கும் மலை போதும். உச்சி 3,330 மீட்டர். அங்கிருந்து இறங்கும் சரேன் என்ற கறுப்புத் தடம் 16 கிலோமீட்டர் நீளம். அதை அவள் இந்த வருடம் படத்தில் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு குறை சொல்ல வேண்டும்: மேலே போனவர்கள் எல்லாம் மாலையில் வீடு திரும்புவதும் அந்தப் பச்சைத் தடங்கள் வழியாகத்தான். மூன்றரை மணிக்கு மேல் பக்கத்தில் விர்ரென்று போவார்கள். அதற்குள் நீங்கள் முடித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுங்கள்.

கூட்டம் பிடிக்காது, கொஞ்சம் கூடச் செலவானாலும் பரவாயில்லை என்றால் ஆஸ்திரியாவின் ஓபர்கூர்கிள். 1,930 மீட்டர், சின்ன ஊர், பனிக்குப் பஞ்சமில்லை, இன்ஸ்ப்ரூக் விமான நிலையத்திலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரம். காலை, இரவு உணவோடு சேர்த்துத்தான் அங்கே ஹோட்டல்கள் விலை சொல்லும். வாலிபப் பிள்ளைகளுக்கு மாலையில் பெரிதாகப் பொழுதுபோக்கு இல்லை என்பதை உங்கள் மகள் முதல் நாளே சொல்லிவிடுவாள்.

செலவு குறைய வேண்டும் என்றால் இத்தாலியின் பாஸ்ஸோ டொனாலே. லொம்பார்டிக்கும் ட்ரென்டினோவுக்கும் நடுவில் 1,883 மீட்டரில் ஒரு கணவாய். ஊர் அழகில்லை, நெடுஞ்சாலையின் இருபுறமும் ஹோட்டல்கள், அவ்வளவுதான். ஆனால் சாலையை ஒட்டியே வெயில் படும் அகலமான பயிற்சிச் சரிவு, ஹோட்டல் வாசலில் ஸ்கீ மாட்டலாம் என்ற அளவுக்கு அருகில். சைவச் சாப்பாட்டுக்கும் கவலை இல்லை. முதல் உலகப் போரில் இத்தாலியும் ஆஸ்திரியாவும் இந்தப் பனிமலைகளின் மேல் நின்றுதான் சண்டை போட்டன. வரலாறு படிக்கிற பெண் என்றால் சொல்லி வையுங்கள். பல்கேரியாவின் பான்ஸ்கோ இன்னும் மலிவு என்பார்கள். உண்மைதான், ஆனால் ஊர் கீழே, புதியவர்களின் சரிவு மேலே, நடுவில் ஒரே கொண்டோலா. விடுமுறை வாரத்தில் காலை வரிசையை நினைத்தால் எனக்கு மனம் வராது.

சரி, எப்போது? பிப்ரவரி அரைப்பருவ வாரம்தான் ஆண்டிலேயே விலை அதிகமான வாரங்களில் ஒன்று. பிரான்ஸ் தன் பள்ளிகளை மூன்று மண்டலமாகப் பிரித்து, மண்டலத்துக்கு இரண்டு வாரம் என்று குளிர்கால விடுமுறை விடுகிறது. இங்கிலாந்துப் பிள்ளைகள் போகும் வாரத்தில் பிரெஞ்சுப் பிள்ளைகளும் அங்கே இருப்பார்கள். சனிக்கிழமை சாலைகள் நிரம்பி வழியும். ஆனால் ஒரு நன்மை உண்டு: அந்த வாரத்தில்தான் 13 முதல் 17 வயதுக்காரர்களுக்குத் தனி வகுப்பு சேரும் அளவுக்கு ஆட்கள் இருப்பார்கள். மாற்று ஈஸ்டர் விடுமுறை. 2027-ல் ஈஸ்டர் மார்ச் 28-ஆம் தேதியே வந்துவிடுகிறது. உயரமான ஊர்களில் அப்போதும் பனி நன்றாக இருக்கும். காலையில் இறுகிக் கிடக்கும், மதியத்துக்கு மேல் இளகிக் கஞ்சியாகும், அதனால் காலை வகுப்பே எடுங்கள். குளிரும் குறைவு. என்னைக் கேட்டால் உங்கள் இருவருக்கும் சீக்கிரம் வரும் ஈஸ்டர்தான் பிப்ரவரியைவிட வசதி. பள்ளி நாளில் ஜனவரியில் போகலாம், மலிவு என்று யாராவது சொல்வார்கள். இங்கிலாந்தில் அனுமதியில்லாமல் ஐந்து பள்ளி நாள் போனால் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 80 பவுண்டு அபராதம் வரலாம், 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. அதைவிட, ஒன்பதாம் பத்தாம் வகுப்புப் பாடம் ஒரு வாரம் போவது பெரிய நஷ்டம்.

இப்போது வகுப்பு. இதில்தான் பணத்தைச் சுருக்கக் கூடாது. நண்பர் கற்றுத் தருகிறேன் என்பார், அண்ணன் மகனுக்குத் தெரியும் என்பார்கள். வேண்டாம். அவர்கள் முதல் மணி நேரத்திலேயே 'இது ஒன்றுமில்லை, மேலே வாங்க' என்று நாற்காலி லிஃப்டில் ஏற்றிவிடுவார்கள். இறங்கி வருவது உங்கள் பாடு. காலை இரண்டரை அல்லது மூன்று மணி நேரம், ஐந்து அல்லது ஆறு நாள், குழு வகுப்பு. ஆளுக்கு 200 முதல் 300 பவுண்டு வரை ஆகும்.

14 ஒரு சங்கடமான வயது. பிரெஞ்சுப் பயிற்சிப் பள்ளிகளில் குழந்தைகள் வகுப்பு பொதுவாக 12 வயதோடு முடிகிறது. அதற்கு மேல் பெரியவர்களோடு சேர்ப்பார்கள், அல்லது இடம் பார்த்து ஏழு வயதுப் பொடிசுகளோடு நிறுத்திவிடுவார்கள். அந்தப் பொடிசுகள் உங்கள் மகளைவிட வேகமாகவும் போகும். அவள் அன்று மதியமே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். முன்பதிவு செய்யும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: பதின்ம வயதினருக்குத் தனிக் குழு இருக்கிறதா, ஆங்கிலத்தில் நடத்துவார்களா, குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர். எட்டு பேருக்குள் என்றால் சந்தோஷம், பன்னிரண்டு என்றால் காத்து நிற்கும் நேரம்தான் அதிகம்.

ஒரே வகுப்பில் சேர்ந்துகொள்ளலாம், அவளைக் கண்ணில் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். தோன்றட்டும், செய்யாதீர்கள். அவள் உங்களுக்காகக் காத்து நின்று சலிப்பாள். நீங்கள் அவள் பக்கம் பார்த்தபடி உங்கள் காலைக் கவனிக்காமல் விழுவீர்கள். அவள் 'அம்மா, முட்டியை மடக்கு' என்று பாடம் நடத்தத் தொடங்கினால் மதியச் சாப்பாடு வரைக்கும் பேச்சு நின்றுவிடும். தனித்தனியாகக் கற்றுக்கொண்டு மதியம் சந்தியுங்கள். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் அதை முதல் நாள் தனிப்பயிற்சிக்குச் செலவிடாமல், மூன்றாம் நாள் மதியம் உங்களுக்கு மட்டும் இரண்டு மணி நேரம் எடுங்கள். அதற்குள் எங்கே தடுமாறுகிறீர்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். வெள்ளிக்கிழமை மதியம் நீங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பச்சைத் தடத்தில் நிற்காமல் இறங்கி வந்தால் அந்த வாரத்துக்கு அது போதும்.

இரண்டு காலையும் ஒரே பலகையில் மாட்டிச் சறுக்கும் ஸ்னோபோர்டுதான் வேண்டும் என்று மகள் நின்றால் சண்டை வேண்டாம். அதன் கணக்கு வேறு. முதல் இரண்டு நாள் விழுந்து விழுந்து எழுந்திருக்க வேண்டும். மணிக்கட்டுக்குக் காப்பு மாட்ட வேண்டும். இழுவை லிஃப்டில் கஷ்டம். மூன்றாம் நாளிலிருந்து ஸ்கீ கற்றவர்களைவிட வேகமாக முன்னேறுகிறவர்கள் உண்டு. லண்டனில் இருக்கும்போதே உள்ளரங்கச் சரிவில் ஒரு மணி நேரம் நின்று பார்த்து முடிவு செய்யட்டும்.

உள்ளரங்கம் என்றதும் சொல்ல வேண்டியது: கிளம்பும் முன் இங்கேயே இரண்டு மூன்று பாடம் எடுத்துவிடுங்கள். ஹாரோவிலிருந்து கிட்டத்தில் ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் இருக்கிறது. அங்கே கூரைக்குள் உண்மையான பனி, பெரிய சரிவு 160 மீட்டர். மில்டன் கீன்ஸிலும் ஒன்று உண்டு. ஸ்கீக்கான காலணியான பூட்டைக் காலில் மாட்டுவது, பக்கவாட்டில் படியேறுவது போல ஏறுவது, வேகத்தைக் குறைப்பது, விழுந்து எழுவது, இவ்வளவும் அங்கேயே வந்துவிடும். ஆல்ப்ஸில் முதல் காலை முழுக்க இதற்குத்தான் போகும். இன்னொரு லாபமும் உண்டு: உங்களுக்கு இது துளியும் பிடிக்கவில்லை என்றால் 3,000 பவுண்டு செலவழிக்கும் முன் தெரிந்துவிடும். பிளாஸ்டிக் தூரிகைச் சரிவுகளும் இருக்கின்றன, மலிவு. அதில் விழுந்தால் கட்டைவிரல் மாட்டிக்கொள்ளும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் போகாதீர்கள். கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பிருந்து தினமும் படியேறுங்கள், சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் உட்கார்ந்தது போல் நிற்கப் பழகுங்கள். தொடை வலிமைதான் மூன்றாம் நாள் உங்களைக் காப்பாற்றும்.

வாங்க வேண்டியது குறைவு. ஸ்கீ, பூட், கழி, ஹெல்மெட் எல்லாம் அங்கே வாடகைக்கு. ஜாக்கெட்டும் நீர் புகாத கால்சட்டையும் தெரிந்தவர்களிடம் இரவல் கேளுங்கள். இல்லையென்றால் டெகாத்லான், அல்லது இலையுதிர் காலத்தில் ஆல்டி, லிடில் கடைகளில் வந்து இறங்கும் மலிவுச் சரக்கு. அது ஒரே வாரத்தில் தீர்ந்துவிடும். சொந்தமாக வாங்க வேண்டியவை உடம்போடு ஒட்டிய தெர்மல் இரண்டு செட், முழங்கால் வரை வரும் மெல்லிய காலுறை, நீர் புகாத கையுறை, கண்ணை மூடிக் காக்கும் பனிக்கண்ணாடி. மூக்குக்கண்ணாடி போடுபவர் என்றால் அதன் மேலே அணியக்கூடிய அளவு என்று கேட்டு வாங்குங்கள். ஜீன்ஸும் பருத்தி பனியனும் பெட்டியிலேயே இருக்கட்டும். நனைந்தால் காயாது, குளிர் எலும்பு வரை இறங்கும்.

நம் பெண்களுக்கு மட்டும் சில குறிப்புகள், ஆங்கிலப் பட்டியல்களில் இவை இருக்காது. மெட்டியையும் கொலுசையும் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். ஸ்கீ பூட் காலை இறுக்கிப் பிடிக்கும். அரை மணி நேரத்தில் மெட்டி விரலில் பதிந்து உயிரை எடுக்கும். கழற்றவே வராத மெட்டி என்றால் லண்டனிலேயே ஒரு வழி பாருங்கள். கொண்டை போட்டால் ஹெல்மெட் உட்காராது. தாழ்வாகப் பின்னி ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்ளுங்கள். லிஃப்டில் தொங்கும் முடியும் துப்பட்டாவும் ஆபத்து. நம் தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று நினைக்காதீர்கள். உயரம் 1,000 மீட்டர் கூடக்கூட புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது; புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி முகத்தில் அடிக்கும். முகத்துக்கும் உதட்டுக்கும் கிரீம் அவசியம், மூக்கின் அடிப்பக்கம் உட்பட.

பூட் சரியாக அமைந்தால் பாதி வாரம் காப்பாற்றப்பட்டது. நிமிர்ந்து நிற்கும்போது பெருவிரல் முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும், முட்டியை முன்னால் மடக்கினால் விரல் பின்வாங்க வேண்டும், குதிகால் மேலே எழவே கூடாது. பெரும்பாலானோர் ஒரு அளவு பெரியதாக எடுத்துக்கொண்டு, குளிருக்கு இரண்டு காலுறை போடுவார்கள். இரண்டும் தப்பு. ஒரே ஒரு மெல்லிய காலுறை, அதன் மேல் நேரே பூட். தெர்மலின் கால்பகுதி கூட உள்ளே போகக் கூடாது, மடிப்பு கணுக்காலை அறுக்கும். வலித்தால் முதல் நாளே கடைக்குப் போய் மாற்றிக் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள், அவர்களுக்கு அது தினசரி வேலை. ஸ்கீயின் நீளம் தாடைக்கும் மூக்குக்கும் நடுவில் இருந்தால் போதும். கடைக்காரர் எடை, உயரம், வயது, அனுபவம் எல்லாம் கேட்பார். விழும்போது பூட்டிலிருந்து ஸ்கீ கழன்று விழுவதற்கான இறுக்கத்தை அதை வைத்துத்தான் திருகுவார்; 50 வயதானவர்களுக்கு ஒரு படி தளர்த்துவார்கள். மகள் பக்கத்தில் நிற்கிறாளே என்று எடையைக் குறைத்தோ கூட்டியோ சொல்ல வேண்டாம், முழங்கால் உங்களுடையது.

முதல் நாள் என்ன நடக்கும்? ஒற்றை ஸ்கீயோடு சமதளத்தில் நடப்பீர்கள். பிறகு இரண்டோடு. பிறகு 'பீட்சா': இரண்டு ஸ்கீயின் முன் நுனிகளைக் கிட்டத்தில் கொண்டுவந்து, பின்பக்கத்தை அகட்டினால் வேகம் குறையும். பயிற்சியாளர்கள் எந்த நாட்டிலும் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். உங்கள் உடம்பு பயத்தில் பின்னால் சாயும். சாய்ந்தால் ஸ்கீ உங்கள் பேச்சைக் கேட்காது. கணைக்கால் எலும்பின் முன்பக்கம் பூட்டின் நாக்கை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இழுவை லிஃப்டில் அந்த வட்டு உட்காரும் இடமில்லை, உட்கார்ந்தால் தரையில்தான் இருப்பீர்கள். நின்றபடி, இடுப்பை இழுக்க விடுங்கள். விழப்போகிறோம் என்று தெரிந்தால் போராடாமல் பக்கவாட்டில் விழுந்துவிடுங்கள், முழங்கால் முறுகுவது பெரும்பாலும் அந்தப் போராட்டத்தில்தான். எழும்போது இரண்டு ஸ்கீயையும் சரிவுக்குக் குறுக்கே, உடம்புக்குக் கீழ்ப்பக்கம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பிறகு எழுங்கள். சரிவைப் பார்த்து நீட்டி வைத்து எழுந்தால் எழுந்ததுமே ஓடத் தொடங்கிவிடும்.

சர்வதேச ஸ்கீ சம்மேளனம் 10 நடத்தை விதிகள் வைத்திருக்கிறது, மகளை உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். அதில் மிக முக்கியமானது, முன்னால், கீழே போகிறவருக்குத்தான் முன்னுரிமை. பின்னால் வருகிறவர்தான் விலகிப் போக வேண்டும். நிற்பதென்றால் தடத்தின் ஓரத்தில், மேலிருந்து வருபவர் கண்ணில் படும் இடத்தில். கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே கால் வைக்கவே கூடாது என்பதில் அவளிடம் பேரம் வேண்டாம். இன்னொன்று, 'கடைசியாக ஒரே ஒரு தடவை' என்ற ஆசை. கால் நடுங்கத் தொடங்கியதும் நிறுத்திவிட்டு லிஃப்டிலேயே கீழே இறங்குங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, லிஃப்ட் இரண்டு பக்கமும் ஓடுகிறது. மூன்றாம் நாள் மதியம் எல்லோருக்கும் உடம்பு கெஞ்சும். அன்று ஊர் சுற்றுங்கள், நீச்சல் குளத்துக்குப் போங்கள். ஆல்ப் தூவெஸில் பனிக்கு நடுவே வெந்நீரில் நீந்தும் திறந்தவெளிக் குளம் இருக்கிறது. அவசர உதவிக்கு ஐரோப்பா முழுக்க 112.

சாப்பாடு. பிரெஞ்சு மலை உணவகத்தில் உருளைக்கிழங்கும் சீஸும் சேர்த்த டார்டிஃப்ளெட் பார்க்கச் சைவம் போல் இருக்கும், உள்ளே பன்றிக்கறித் துண்டுகள் கிடக்கும். வெங்காய சூப் மாட்டு எலும்புச் சாற்றில் செய்ததாக இருக்கலாம். சீஸ் ஃபாண்டூவில் வெள்ளை ஒயின் உண்டு. பிரான்ஸ் போனால் சமையலறை உள்ள குடியிருப்பாக எடுத்து, பருப்புப்பொடி, ரசப்பொடி, ஊறுகாய், அரிசி கொண்டுபோங்கள். நெய், தயிர், பனீர் கொண்டுபோகக் கூடாது: பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் பால் பொருளும் இறைச்சியும் எடுத்துப் போகத் தடை. தயிர் அங்கேயே கிடைக்கும். 2,000 மீட்டரில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் துவரம்பருப்பு வேக நேரமாகும், அறையில் குக்கரும் இருக்காது. சீக்கிரம் வேகும் மைசூர் பருப்பு எடுத்துப் போவது புத்திசாலித்தனம். மதியத்துக்கு எலுமிச்சை சாதத்தையோ சப்பாத்தியையோ பையில் போட்டுக்கொள்ளலாம். பல பிரெஞ்சு ஊர்களில் சொந்தச் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிடத் தனி அறையே வைத்திருக்கிறார்கள். மலை மேல் இருவருக்குச் சூப்பும் காபியும் வாங்கினாலே 30 யூரோ போய்விடும்.

செலவு என் கணக்கில், அரைப்பருவ வாரத்தில் இருவருக்கும் சேர்த்து, விமானமும் பேருந்தும் 500 முதல் 800 பவுண்டு, தங்குமிடம் 800 முதல் 1,400, வகுப்பு 400 முதல் 600, வாடகைச் சாமான் 250 முதல் 300, லிஃப்ட் சீட்டு 250 முதல் 600, இவற்றுக்கு மேல் சாப்பாடும் சில்லறையும். ஏறக்குறைய 3,000 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைக்கக்கூடிய இடம் லிஃப்ட் சீட்டு. பெரிய பகுதிக்கான ஆறு நாள் சீட்டை முதல் நாளே வாங்கிவிடாதீர்கள். பல பிரெஞ்சு ஊர்களில் பயிற்சிச் சரிவின் லிஃப்ட் இலவசம், அல்லது புதியவர்களுக்கென்று மலிவுச் சீட்டு இருக்கும். மகளுக்கு மூன்றாம் நாளிலிருந்து பெரிய சீட்டு தேவைப்படலாம், உங்களுக்கு வாரம் முழுக்கத் தேவைப்படாமலே போகலாம்.

காப்பீடு வாங்கும்போது 'குளிர்கால விளையாட்டு' என்று தனியாகச் சேர்த்து வாங்குங்கள்; சாதாரணப் பயணக் காப்பீட்டில் அது இருக்காது. ஜி.எச்.ஐ.சி. அட்டை (பிரிட்டனில் வசிப்பவர்கள் வெளிநாட்டில் காட்டும் சுகாதார அட்டை) அரசு மருத்துவமனைச் சிகிச்சைக்கு உதவும், ஆனால் மலையிலிருந்து உங்களை ஸ்லெட்ஜிலோ ஹெலிகாப்டரிலோ இறக்கும் செலவு அதில் வராது. இத்தாலி போனால் பிறருக்கு ஏற்படும் காயத்துக்கான பொறுப்புக் காப்பீடு 2022 முதல் கட்டாயம். லிஃப்ட் சீட்டோடு சில யூரோவுக்குத் தருவார்கள். ஹெல்மெட்டும் அங்கே இப்போது எல்லா வயதினருக்கும் கட்டாயம். மற்ற நாடுகளிலும் ஹெல்மெட் இல்லாமல் போக வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் எல்லாவற்றையும்விடத் தாமதமாகக்கூடியது விசா. பிரிட்டனில் நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதி இருந்தாலும் இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா) வேண்டும், கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பதுதான் பாடு, பிப்ரவரிக்குப் போகிறவர்கள் செப்டம்பரிலேயே தேட வேண்டும். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பியுங்கள். ஜெனீவாவில் இறங்கிப் பிரான்சுக்குப் போனாலும் பிரான்சிடம்தான். அன்டோராவை மலிவு என்று யாராவது சொன்னால், அது ஷெங்கனுக்கு வெளியே இருப்பதால் பலமுறை நுழையும் விசா வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். மகளின் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் திரும்பி வரும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும். அப்பா கூட வரவில்லை என்றால் அவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள், எல்லையில் கேட்பது உண்டு. 2025 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய எல்லையில் வெளிநாட்டவரின் கைரேகையும் புகைப்படமும் எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள், வரிசைக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள்.

பதிவு செய்யும் வரிசை: முதலில் மகளின் வகுப்பு, ஏனென்றால் பதின்ம வயதினர் குழுவில் இடம் சீக்கிரம் தீரும். அதே நாளில், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறை. உடனே விசா நேரம். விசா கைக்கு வரும் வரை காத்திருந்தால் விமான விலை ஏறிவிடும். விமானத்தையும் அறையையும் சேர்த்துத் தரும் நிறுவனத்திடம் எடுப்பதாக இருந்தால் விசா மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். காப்பீட்டைப் பணம் கட்டிய அன்றே வாங்குங்கள். உள்ளரங்கப் பாடங்களை நவம்பர், டிசம்பரில் முடியுங்கள். ஸ்கீ, பூட் வாடகையை இணையத்தில் முன்கூட்டியே போட்டால் கடையில் நேரில் கேட்கும் விலையைவிடக் குறையும். அதை ஜனவரியில் செய்தால் போதும்.